ப்ராக்ஸியின் ராமை எங்கே வெட்டுவது?

பழைய சர்வருக்குப் புது ராம் வாங்க நிர்வாகம் பணம் ஒதுக்காவிட்டால், இருப்பதை வைத்து ஓட்டும் பொறுப்பு சிஸ்டம் அட்மின் தலையில் விழுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு தொழிற்கூடமானாலும் சரி, ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரி லேபானாலும் சரி, நிலைமை ஒன்றுதான். அங்கே, இணையக் கோப்புகளைக் கேஷில் சேமித்துப் பலருக்கும் தரும் ஸ்க்விட் ப்ராக்ஸி ஓடினால் அவர் முதலில் கைவைப்பது ‘கேஷ் மெம்’ என்ற ஒற்றை வரியில். 512 எம்பி என்று இருப்பதை 128 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறார். ராம் குறைந்தது போலத் தெரியும். சில நாளில் பழைய கதை திரும்பிவிடும்.

இந்தச் சிக்கனம் தவறு என்று நான் சொல்லவில்லை. ராம் தீர்ந்தால் லினக்ஸ் ஹார்ட் டிஸ்கின் ஸ்வாப் பகுதியை நாடும். மற்ற மென்பொருள்களைவிட ஸ்க்விட்டுக்கு இது பெரிய ஆபத்து. வழக்கமான அமைப்பில் ஸ்க்விட் ஒரே ப்ராசஸாக ஓடி எல்லா இணைப்புகளையும் மாற்றி மாற்றிக் கவனிக்கிறது. ஒருவரின் கோரிக்கையைக் கவனிக்கும்போது, ஸ்வாப்புக்குப் போன ஒரு நினைவகப் பக்கத்துக்காக அது காத்திருந்தால், அந்த ஒருவர் மட்டும் காத்திருப்பதில்லை, லேப் முழுவதும் காத்திருக்கிறது. ஆகவே ஸ்வாப்பைத் தொடாமல் ஓட்டுவதுதான் முதல் தேவை. கேஷ் கொஞ்சம் சிறுத்தாலும் பரவாயில்லை.

வெட்டும் இடம்தான் தவறு. கேஷ் மெம் என்பது ஸ்க்விட் எடுத்துக்கொள்ளும் மொத்த ராமுக்கான உச்சவரம்பு அல்ல. அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளையும், அப்போது கடந்துசெல்லும் கோப்புகளையும் வைத்திருக்கும் இடத்துக்கான அளவு மட்டுமே. அமைப்புக் கோப்பிலேயே இதைப் பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள். ராமின் பெரும்பங்கை விழுங்குவது வேறொன்று: டிஸ்கில் கிடக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ராமில் ஒரு குறிப்பு வேண்டும். சராசரிக் கோப்பு 13 கேபி என்பது ஸ்க்விட்டின் இயல்பான கணிப்பு. அப்படிப் பார்த்தால் 1 ஜிபி டிஸ்க் கேஷில் ஏறத்தாழ 80,000 கோப்புகள் இருக்கும். இந்தக் குறிப்புகளுக்கு 64 பிட் கணினியில் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 14 எம்பி ராம் ஆகும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 ஜிபி ராம் உள்ள கணினியில், ‘டிஸ்க்தான் காலியாக இருக்கிறதே’ என்று 100 ஜிபி கேஷுக்கு ஒதுக்கியிருந்தால், அது நிரம்பும்போது குறிப்புகளுக்கு மட்டும் 1,400 எம்பி போய்விடும். கேஷ் மெம்மை 512-இலிருந்து 128-ஆகக் குறைத்தால் மிச்சமாவது 384 எம்பி. டிஸ்க் கேஷை 20 ஜிபியாகக் குறைத்தால் மிச்சமாவது 1,120 எம்பி. முதல் வெட்டு, அதிகம் பயன்படும் கோப்புகளை ராமிலிருந்து துரத்துகிறது. இரண்டாவது, பெரும்பாலும் யாரும் திரும்பக் கேட்காத கோப்புகளைத்தான் விலக்குகிறது. எதை வெட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராம் ஏறுவதைத் தவிர்க்கச் சிலர் வாரம் ஒருமுறை ஸ்க்விட்டை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் ராமில் இருந்த கேஷ் முழுவதும் போய்விடும். டிஸ்க் குறிப்புகளை மறுபடி படித்து அடுக்க வேண்டும். மின்தடையால் ஒழுங்காக நிறுத்தப்படாத சர்வரில் இந்த வேலை இன்னும் நீளும். அதைவிட மோசம், ராம் ஏன் ஏறுகிறது என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது. டிஸ்க் கேஷ் நிரம்ப நிரம்பக் குறிப்புகள் பெருகுவது இயல்பு, கேஷ் நிரம்பியதும் அந்த ஏற்றம் நின்றுவிடும். அதன் பிறகும் ஏறினால்தான் ராம் கசிவு என்று தேட வேண்டும். வாராவாரம் ரீஸ்டார்ட் செய்பவருக்கு இந்த வித்தியாசம் ஒருபோதும் கண்ணில் படாது.

இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த 100 ஜிபியில் இன்று என்னதான் சேர்கிறது? ஸ்க்விட் 1996-இல் வந்தது. பிஎஸ்என்எல் ப்ராட்பேண்ட் 2005-இல் வந்தபோதுகூட 256 கேபிபிஎஸ் வேகமும் மாத அளவு வரம்பும்தான் சாமானியருக்குக் கிடைத்தன. நாற்பது பேர் பார்க்கும் பக்கத்தை ஒருமுறை மட்டும் இறக்கியது அப்போது பெரிய வரம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். அந்த ரகசியக் குழாய்க்குள் ஓடுவதை ஸ்க்விட் கடத்திவிடுமே தவிர, சேமிக்க முடியாது. இதற்கு மாற்றாகச் சிலர் எஸ்எஸ்எல் பம்ப் போடுகிறார்கள். நடுவில் பூட்டை உடைத்துப் படித்துவிட்டு மறுபடி பூட்டும் அந்த முறைக்கு ராமும் ப்ராசஸரும் கூடுதலாக வேண்டும். மாணவரின் வங்கிப் பக்கமும் அட்மினுக்குத் திறந்துவிடும். சேமிப்புக்காக அதைச் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

கேஷ் இன்னும் பலன் தரும் இடம் உண்டு. உபுண்டு லேபில் ஐம்பது கணினிகள் ஒரே அப்டேட்டை இறக்கும்போது, அந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் சாதாரண எச்டிடிபி வழியாகவே வருகின்றன. ஆனால் ஸ்க்விட் இயல்பாக 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சேமிப்பதில்லை. அதனால் கெர்னல் போன்ற பெரிய தொகுப்பை ஐம்பது முறையும் வெளியிலிருந்தே இறக்கி, சில்லறைப் படங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறது. இந்த உச்சவரம்பை உயர்த்தி, சின்னஞ்சிறு கோப்புகள் டிஸ்குக்குப் போகாமல் தடுத்தால், குறிப்புகளும் குறையும், கேஷும் உருப்படியாகும். ராமைக் குறைத்துக்கொண்டே பயனைக் கூட்டும் மாற்றம் இது ஒன்றுதான். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கேஷ் சுருங்கினாலும் ப்ராக்ஸியை எடுத்துவிட முடியாது. தளத்தடை, யார் எங்கே போனார்கள் என்ற பதிவு எல்லாம் அதன் வழியேதான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. ராமுக்காகப் பதிவில் கைவைக்க வேண்டாம், அதற்கு வேண்டியது டிஸ்க் மட்டுமே.

அட்மின்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரியை மாற்றும் முன் ஸ்க்விட்டின் கேஷ் மேனேஜர் அறிக்கையைத் திறந்து, எத்தனை கோப்புகள் இருக்கின்றன, எத்தனை சதவீதம் திரும்பப் பயன்பட்டன என்று பாருங்கள். டிஸ்க் கேஷை முதலில் குறையுங்கள், கேஷ் மெம்மைக் கடைசியில் தொடுங்கள். அப்படியும் ஸ்வாப் நிற்காவிட்டால், அந்த அறிக்கையையே நிர்வாகத்தின் மேசையில் வைத்து ராம் கேளுங்கள்.