பொய்ச்சாட்சியும் துக்கவீட்டு வாசலும்
ஹில்ஸ்பரோ துயரச் செய்திகள் குறித்து ஓர் இறையியல் விமர்சனம்

பொதுத் துயரம் ஒன்று நேரிட்டபின் துக்கவீட்டு வாசலில் வந்து நிற்போருள் மூவர் தம் அலுவலை முன்னிட்டு வருபவர்கள்: காவலர், செய்தி நிருபர், திருச்சபைப் போதகர். மூவரும் கேள்விகளோடு வருகின்றனர். மூவரும் வெளியே சென்றபின் இறந்தோரைக் குறித்துப் பிறரிடம் பேசுகின்றனர். ஆகவே நிருபரின் ஒழுக்கத்தை ஆராயப் புகும் போதகர், தாம் நியாயாசனத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணாமல், அதே வாசற்படியில் தாமும் நின்றவர் என்னும் உணர்வோடு ஆராய்வது தகும்.

செய்தித்துறையைக் குறித்து நம் பிரசங்க மேடைகளில் வழக்கமாக எழும் கண்டனம் ஒன்றே. துக்கப்படுவோரின் தனிமையில் செய்தியாளர் தலையிடுகின்றனர், மாண்டோரைப் படம்பிடித்து விற்கின்றனர் என்பதே அது. இக்கண்டனம் நியாயமானது, ஆயினும் போதுமானதன்று. அது ஏன் போதாது என்பதை, 1989-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஹில்ஸ்பரோ துயரத்தைப் பத்திரிகைகள் கையாண்ட முறை தெளிவாகக் காட்டுகிறது. அத்துயரத்தைப்பற்றிய உண்மையை நிலைநாட்டுவதில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவருக்குப் பெரும்பங்கு இருந்தமையால், அது இறையியல் மாணவர்களின் சிந்தனைக்கு இன்னும் உரியதாகிறது.

1. நிகழ்ந்ததும் அச்சிடப்பட்டதும்

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கிடையே எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதி ஆட்டம் நடைபெறவிருந்தது. லிவர்பூல் ஆதரவாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பகுதியின் நுழைவாயில்களில் நெரிசல் மிகுந்தபோது, பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி வெளியேறும் வாயில் ஒன்றைத் திறக்க உத்தரவிட்டார். உட்புகுந்தோர், முன்னரே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்கு இட்டுச்செல்லும் சுரங்கவழியில் இறங்கினர். அவ்வழியை அடைத்து, மக்களைப் பக்கங்களுக்குத் திருப்பிவிட எவரும் ஏற்பாடு செய்யவில்லை. முன்னே கம்பிவேலி, பின்னே, முன்னால் நடப்பதை அறியாத கூட்டம். மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. அன்றும் அடுத்த சில நாட்களுக்குள்ளும் 95 பேர் மாண்டனர்; 1993-இல் ஒருவரும் 2021-இல் ஒருவரும் அன்று அடைந்த காயங்களின் விளைவாக மரித்தமையால் மாண்டோர் தொகை 97 ஆயிற்று. அவர்களுள் மிக இளையவன் பத்து வயதுச் சிறுவன்.

உயிர்கள் பிரிந்துகொண்டிருந்த வேளையிலேயே பொய்யும் பிறந்தது. ஆதரவாளர்களே வாயிலை உடைத்துப் புகுந்தனர் என்று அந்த அதிகாரி கால்பந்துச் சங்கத்தாரிடம் கூறினார். அக்கூற்று விரைவில் ஒலிபரப்பாகி உலகெங்கும் சென்றது. மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடம் பிணவறையாக்கப்பட்டது. மாண்டோரின் புகைப்படங்கள் ஒட்டப்பட்ட பலகையில் தம் பிள்ளையின் முகத்தைத் தேடிக் கண்ட பெற்றோரிடம், அவன் மது அருந்தியிருந்தானா என்று காவலர் வினவினர். மாண்டோர் அனைவரின் இரத்தத்திலும், சிறுவர் உட்பட, மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. மறுநாள் முதல் நாளிதழ்களில், வேலியோடு நசுங்கிய முகங்கள், இன்னார் என அடையாளம் காணத்தக்க அண்மையில் எடுக்கப்பட்ட படங்களாக வெளிவந்தன.

ஏப்ரல் 19, புதன்கிழமை. லண்டனிலிருந்து வெளிவரும் 'தி சன்' நாளிதழ், அதன் ஆசிரியர் கெல்வின் மெக்கன்சி தேர்ந்த 'உண்மை' என்னும் பெருந்தலைப்பை முதற்பக்கத்தில் இட்டது. ஆதரவாளர் சிலர் மாண்டோரின் சட்டைப்பைகளில் திருடினர், காவலர்மேல் சிறுநீர் கழித்தனர், மூச்சளித்துக் காப்பாற்ற முயன்ற காவலரை அடித்தனர் என்பவை அதன் கீழ் வரிசையாக நின்றன. வேறு சில நாளிதழ்களும் இக்குற்றச்சாட்டுகளை வெளியிட்டன. ஆயினும் காவலர் கூறுவதாகவே வெளியிட்டன. 'தி சன்' தலைப்பிலோ அந்த இடைவெளி இல்லை. பிறர் கூற்றை உண்மை என்று முத்திரையிட்டு விற்றதே அதன் தனித்தன்மை.

இக்கூற்றுகள் எங்கிருந்து வந்தன? காவலர் சிலர் ஷெஃபீல்டிலிருந்த ஒரு செய்தி நிறுவனத்திடம் கூறியவை. ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் காவலர் சங்கச் செயலாளரும் அவற்றுக்கு வலுவூட்டினர். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, துயரத்தின் தலையாய காரணம் காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே எனக் கூறியது. எனினும் அச்சிட்ட பொய் நிலைத்தது. 1991-இல் மரண விசாரணை 'விபத்து மரணம்' என முடிந்தது. அத்தீர்ப்பு 2012-இல் தள்ளுபடியாகி, புதிய விசாரணையின் முடிவில் 2016 ஏப்ரல் 26 அன்றே, மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளரின் நடத்தை காரணமன்று என்றும் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் தீர்ப்பைக் கேளாமலே பெற்றோர் பலர் மரித்துப்போயினர்.

2. கிபியாவின் லேவியன்

திருமறையில், பொதுக்கொடுமை ஒன்றை நாடெங்கும் செய்தியாக்கிய ஒருவனை நியாயாதிபதிகள் ஆகமத்தில் காண்கிறோம் (நியா. 19, 20). எப்பிராயீம் மலைநாட்டு லேவியன், மாண்ட தன் மறுமனையாட்டியின் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லையெங்கும் அனுப்பினான். கண்டோர் அனைவரும் திடுக்கிட்டனர். சபை கூடியபோது அவன் தன் வரலாற்றைக் கூறினான். அவன் கூறியவற்றுள் பெரும்பகுதி நடந்ததே. கிபியாவின் மனிதர் வீட்டைச் சூழ்ந்ததும் அப்பெண் கொடுமைக்குள்ளாகி மாண்டதும் மெய். ஆனால் அன்றிரவு தான் பிழைக்கும்பொருட்டு அவளைப் பிடித்து வெளியே விட்டவன் தானே என்பதை மட்டும் அவன் கூறவில்லை.

இப்பகுதியைப் போதிப்போர் பெரும்பாலும் கிபியாவின் பாவத்தோடு நின்றுவிடுகின்றனர். லேவியனின் பேச்சில் விடுபட்டதைக் கவனிப்போருக்கு வேறொரு பாவமும் தென்படும். பெண்ணின் உடல் இருமுறை பயன்படுத்தப்பட்டது. முதன்முறை அவனுடைய உயிரைக் காக்க, இரண்டாம் முறை அவனுடைய பெயரைக் காக்க. உடலின் காட்சி எழுப்பிய பேரதிர்ச்சியில், கூடியிருந்த சபை அவன் கூறியதைக் குறித்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பென்யமீன் கோத்திரம் ஏறத்தாழ அழியுமளவுக்குப் போர் மூண்டது.

ஹில்ஸ்பரோவில் நடந்தது இதற்கு எவ்வளவு ஒப்பானது! மாண்டோரின் படங்கள் நாட்டை அதிரச் செய்தன. அதிர்ந்த நாடு காரணம் கேட்டது. காரணம் சொல்ல முன்வந்தவர்களோ கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். பத்திரிகை அவர்களைக் கேள்வி கேட்காமல் அவர்கள் சொன்னதைத் தலைப்பாக்கிற்று. துக்கத்தில் தலையிடுதல், பொய்ச்சாட்சி சொல்லுதல் என்னும் இரண்டும் வெவ்வேறு குற்றங்கள் எனினும் இங்கே ஒன்றுக்கொன்று துணைநின்றன. அதிர்ச்சிதரும் படம் வாசகனின் ஆராயும் அறிவை முடக்குகிறது. முடங்கிய அறிவில் பொய் எளிதாகக் குடியேறுகிறது. பிரிட்டனில் இன்று வழங்கும் பத்திரிகை ஒழுக்க விதிகளில் துல்லியம் முதல் விதியாகவும், துக்கத்தில் தலையிடாமை நான்காம் விதியாகவும் பிரிந்து நிற்கின்றன. சட்டத்துக்கு அப்பிரிவு தேவையாயிருக்கலாம். மனசாட்சியை உருவாக்கவேண்டிய நமக்கு அவற்றின் தொடர்பே முக்கியமானது.

3. மூடுதலும் காட்டுதலும்

அப்படியானால் துயரங்களைக் காட்டாமலே விடுவது நன்றன்றோ என்று கேட்கப்படலாம். இவ்விடத்தில் நோவாவின் பிள்ளைகளை எடுத்துக்காட்டுவது போதகர் வழக்கம். தகப்பனின் நிர்வாணத்தைக் கண்டு வெளியே போய் அறிவித்த காம் சபிக்கப்பட்ட மரபுக்குத் தகப்பனானான், பின்னிட்டு நடந்து மூடிய சேமும் யாப்பேத்தும் ஆசீர்வாதம் பெற்றனர் (ஆதி. 9). துக்கத்தின் நிர்வாணத்தை மூடுவது அன்பின் செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ரிஸ்பாளை நாம் மறத்தலாகாது (2 சாமு. 21). அரசியல் உடன்பாடு ஒன்றுக்காகத் தன் இரு குமாரரும் கொலையுண்டு மலையின்மேல் கிடக்க, அவள் இரட்டைக் கன்மலையின்மேல் விரித்து, அறுப்புக் காலத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை பறவையும் மிருகமும் அணுகாதபடி காவல் காத்தாள். அவள் மௌனமாக வீட்டுக்குப் போயிருந்தால் அரண்மனைக்கு எவ்வளவோ வசதியாயிருந்திருக்கும். அவளுடைய செயல் தாவீதின் செவிக்கு எட்டியது. எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம்பண்ணப்பட்டன. தேசத்துக்காகச் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது அதற்குப் பின்னரே என்று வரலாறு கூறுகிறது.

லேவியனும் ரிஸ்பாளும் மாண்டோரை நாட்டின் கண்முன் வைத்தவர்களே. இருவரையும் பிரித்தறிவது எவ்வாறு? ரிஸ்பாள் உடல்களைத் துண்டாக்கவில்லை, காத்தாள். தன்னை மறைத்துக்கொள்ளவில்லை, அங்கேயே இருந்தாள். அவளுடைய சாட்சி அதிகாரத்தை நோக்கியதாயிருந்தது. ஹில்ஸ்பரோ குடும்பத்தினர் இருபதாண்டுகளுக்கு மேலாகச் செய்தது ரிஸ்பாளின் காவலே. அவர்கள் தங்களைத் தனிமையில் விட்டுவிடும்படி மட்டும் கேட்கவில்லை. காவல்துறையின் ஆவணங்களைத் திறக்கும்படியும் கேட்டனர். துக்கத்தின் தனிமையைப் போற்றுகிறோம் என்னும் பெயரால் அதிகாரத்தின் தவறுகளையும் மூடிவிடுவோமானால், நாம் மூடுவது நோவாவை அன்று.

4. கற்பனையின் விரிவு

பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனையை லுத்தரன் சபையார் எட்டாவதாகவும், சீர்திருத்த மற்றும் ஆங்கிலிக்கன் மரபினர் ஒன்பதாவதாகவும் எண்ணுகின்றனர். எண்ணில் வேறுபட்டாலும் பொருளில் வேறுபாடில்லை. லுத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில், அயலானைக் குறித்துப் பொய் சொல்லாதிருத்தலோடு நில்லாமல், அவனுக்காகப் பரிந்து பேசி, அவன் செயல்களுக்கு நல்ல பொருளே கொள்ளவேண்டும் என்றும் விளக்குகிறார். பெரிய ஞானோபதேசத்திலோ, மறைவான பாவத்தைத் தூற்றித்திரிவதை வன்மையாகக் கண்டிக்கும் அவர், வெளியரங்கமான தீமையை வெளியரங்கமாகக் கண்டிப்பது இக்கற்பனைக்கு முரணன்று என்கிறார். செய்தி ஒழுக்கத்துக்கு இதனினும் தெளிவான அளவுகோல் காண்பது அரிது. எளியவரின் தனிவாழ்வுக்கு மூடுதல், பொதுப்பொறுப்பில் இருப்போரின் செயலுக்கு வெளிச்சம். ஏப்ரல் 19 அன்றைய முதற்பக்கம் இவ்விரண்டையும் தலைகீழாக்கிற்று. மாண்டோரின் மானத்தைத் திறந்துவைத்து, காவல்துறையின் செயலை மூடிற்று.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைக் குறித்து நம் ஆண்டவர் கூறியதும் இங்கே நினைவுகூரத்தக்கது (லூக். 13). மாண்டோர் எருசலேமின் மற்றெல்லாரினும் குற்றவாளிகளோ என்னும் எண்ணத்தை அவர் அடியோடு மறுத்து, கேட்போரை மனந்திரும்ப அழைத்தார். மாண்டவரிடம் குற்றம் தேடுவது மனித இயல்பு. அது நம்மைப் பாதுகாப்பாக உணரச்செய்கிறது. குடித்திருந்தார்கள், ஆகவே மாண்டார்கள். நான் குடியேன், ஆகவே மாளேன். அந்தத் தலைப்பை நம்பிய இலட்சக்கணக்கானோர் தீயவர்கள் அல்லர். இந்த ஆறுதலை விரும்பியவர்கள். பேரிடர் நிகழுந்தோறும் அங்கு மாண்டோரின் பாவத்தைப் பிரசங்கிக்கும் ஊழியர் விற்பதும் இதே சரக்குதான்.

5. பேராலயத்தில் ஒரு காலை

2010-இல் அமைக்கப்பட்ட ஹில்ஸ்பரோ சுதந்திரக் குழுவுக்கு லிவர்பூல் பேராயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையேற்றார். 4,50,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் ஆராயப்பட்டன. காவலரின் வாக்குமூலங்களுள் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன என்பதும், அவற்றுள் 116-இல் காவல்துறைக்குப் பாதகமான குறிப்புகள் நீக்கப்பட்டிருந்தன என்பதும் வெளிப்பட்டன. மாண்டோரின் பெயரைக் கெடுக்கும்பொருட்டு, இரத்தத்தில் மது காணப்பட்டோரின் பெயர்கள் குற்றப்பதிவேடுகளிலும் தேடப்பட்டிருந்தன. நாளிதழ் அச்சிட்ட குற்றச்சாட்டுகளுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

2012 செப்டம்பர் 12 அன்று இவ்வறிக்கை வெளியான முறையே ஒரு போதனை. லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தில் கூடிய குடும்பத்தினருக்கே அது முதலாவதாக அளிக்கப்பட்டது. அதன் பின்னரே பாராளுமன்றமும் பத்திரிகைகளும் அறிந்தன. 1989-இல் மாண்டோரைப்பற்றிய செய்தி நாடெங்கும் சென்றபின் குடும்பத்தை எட்டியது; இப்போது அந்த வரிசை மாற்றப்பட்டது. 'தி சன்' 2004-இலும் 2012-இலும் மன்னிப்புக் கோரியது. எனினும் லிவர்பூலில் பலர் இன்றளவும் அதனை வாங்குவதில்லை. 2017-இல் பேராயர் ஜோன்ஸ் தந்த மற்றோர் அறிக்கை, பொதுநிறுவனங்கள் தம் நற்பெயரினும் பொதுநலனை மேலாக வைக்கும்படி ஓர் உறுதிமொழியை முன்வைத்தது. இருந்தும் நீதி முழுமையாயிற்று என்று கூறுவதற்கில்லை. பொறுப்பிலிருந்த அதிகாரி, தாம் அன்று கூறியது பொய் என்று 2015-இல் மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார்; கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2019-இல் விடுதலையானார். வாக்குமூலங்களைத் திருத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கும் 2021-இல் நிலைக்கவில்லை.

6. நம் பங்கு

துயரம் நேர்ந்த வீட்டாரின் புகைப்படத்தையும் வரலாற்றையும் கேட்டு நிருபர் முதலில் நாடுவது பலவேளைகளில் போதகரையே. குடும்பத்தின் விருப்பத்தைக் கேளாமல் அவற்றைக் கொடுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. மாண்டோரின் படம் நம் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தால் அதனைப் பிறருக்கு அனுப்பாதிருப்பதும், அடக்க ஆராதனையில் மரணத்தின் காரணத்தைத் தீர்ப்புச் செய்யாதிருப்பதும் எளிய கடமைகளே. இவற்றினும் கடினமான கடமை ஒன்றுண்டு. அதிகாரிகள் தரும் முதல் விளக்கத்தைச் சபை உடனே நம்பிவிடும் நாளில், "இதைச் சொன்னவர் யார்? அவர் சொல்லாமல் விட்டது யாது?" என்று கேட்கக் கற்பிப்பதே அது. மிஸ்பாவில் கூடிய சபையில் அக்கேள்வியைக் கேட்க ஒருவனாவது இருந்திருப்பானாகில், அதன் பின்னான வரலாறு வேறாயிருந்திருக்கும்.

யோபின் நண்பர் மூவரும் ஏழுநாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்களிடம் குற்றமில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே அவர்கள் தேவனைக் குறித்து நிதானமாய்ப் பேசாதவர்களாயினர். நிருபருக்கு ஏழுநாள் காத்திருக்க நேரமில்லை. அவருடைய தாள் இன்றிரவே அச்சேறவேண்டும். போதகருக்கோ அந்த அவசரம் எதுவும் இல்லை. நாம் அந்த வாசலில் இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கலாம். மழை பெய்யும்வரையிலும் ரிஸ்பாள் இருந்தாளன்றோ.