நகல் யாருக்குச் சாட்சி?

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் விளாத்திகுளத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் எல்லாம் மஞ்சப்பையில் வந்து இறங்கும். அப்படியொரு நாளில் எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம், “எத்தன காப்பி பாட்டி?” என்றான் கடைக்காரத் தம்பி. “அஞ்சு எடுத்துரு ராசா, எவன் எப்பக் கேப்பான்னு தெரியல.” முதல் தாள் கறுப்பாக விழுந்தது. அதை மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டான். பெட்டி நிறைய அப்படிப்பட்ட தாள்கள்: முகங்கள், பிறந்த தேதிகள், பன்னிரண்டு இலக்க எண்கள். அடுத்தவருக்குக் கணக்குக் கூட்டிக் காட்ட அதிலிருந்தே ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி எழுதிக் கொடுத்தான். அவரும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் நகலைக் கொடுக்கும் இந்தப் பழக்கம் ஏன் வேரூன்றியது என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது 2010-இல். அதற்கு முன் கரிசல் சம்சாரி தான் யார் என்று காட்டக் குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் போதாத இடங்களில் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தார். நிலமும் வீடும் புருஷன் பேரில் இருந்த பெண்ணுக்கு வங்கிப் படியேறவே தயக்கம். இன்று நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் அவரவர் கணக்கிலேயே விழுகின்றன. ஒரு தாளை நீட்டினால் கணக்கு, சிம், குழுக்கடன் எல்லாம் கிடைப்பது ஏழைக்குச் சின்ன விடுதலை அல்ல.

கோளாறு அந்தத் தாளின் தன்மையில் இருக்கிறது. ஆதாரின் காவல் முழுவதும் கைரேகையிலும், கைப்பேசிக்கு வரும் ஓடிபியிலும், அட்டையில் உள்ள மின்கையொப்பமிட்ட கியூஆர் குறியீட்டிலும்தான். இவற்றில் எதையும் சரிபார்க்காமல் நகலை வாங்கிக் கோப்பில் செருகினால், அந்த அட்டை ஒருநாள் ஒரு ஜெராக்ஸ் எந்திரத்தில் படுத்திருந்தது என்பது மட்டுமே நிரூபணமாகும். கொண்டுவந்தவர் யார், எதற்குக் கொண்டுவந்தார் என்று அது சொல்லாது. ஆனால் கடனும் உதவியும் கொடுப்பவர் பலரும் அதையே ஆளாக நம்புகிறார்கள்.

அதன் விலையைத் தமிழ்நாடு 2020-இல் பார்த்தது. பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போயிருந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பாதிப்பு அதிகம். கொரோனா உதவி என்று சொல்லி ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் தரகர்கள் வாங்கிப்போனதாகப் பலர் சொன்னார்கள். பணத்தைத் திரும்ப வசூலித்தபோது அந்தக் கணக்குகளில்தான் கைவைத்தார்கள். பான் எண்ணும் தப்பவில்லை: 2022 பிப்ரவரியில் தம் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கியிருப்பதாக நடிகை சன்னி லியோன் உட்படப் பலர் வெளிப்படையாக முறையிட்டார்கள். பெயர் தெரிந்தவருக்கே அந்த நிலை.

தற்காப்புக்குச் சொல்லப்படும் வழிகளையும் எடைபோட வேண்டும். நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவது செலவில்லாதது. பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும். ஆனால் எண்ணை அது மறைக்காது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் இதைவிட நல்லது. அதை இறக்கக் கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். கொண்டுபோனால் “முழு நம்பர் வேணும்” என்று திருப்பி அனுப்புவோரும் உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் மறைத்த ஆதாரையே கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. குடிமகன் எதைக் கேட்பான்?

ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைப்பது வலுவான வழி. சிலிக்கோனில் செய்த போலி ரேகை வைத்துக் கணக்கைக் காலி செய்பவர்களை அது நிறுத்தும். ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையிலும் அந்த ரேகை செல்லாது. ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் திறக்க வேண்டும். அரிசிக்கும் கூலிக்கும் பெருவிரலையே நம்பியிருக்கும் முதியவருக்கு இது எட்டாத வழி. தன் பேரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையைப் பொறுத்தவரை, சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. கட்டாயம் பாருங்கள். ஆனால் அது திருடன் போனபின் அடிச்சுவடு பார்ப்பதுதான். அமெரிக்காவில் 2018 செப்டம்பர் முதல் தன் கடன் கோப்பைத் தானே இலவசமாக முடக்கிவைக்கலாம். முடக்கிய பின் அந்தப் பெயரில் யாரும் புதுக் கடன் எடுப்பது கடினம். அந்த உரிமை நம் நாட்டில் இன்னும் சட்டமாகவில்லை.

இத்தனை வழியிலும் சுமை விழுவது ஒரே தோளில்: நகல் கொடுத்தவர் தோளில். இதைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. வாடிக்கையாளர் தவறில்லாமல் மூன்றாம் ஆள் கணக்கிலிருந்து பணம் எடுத்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே இல்லை, நிரூபிக்க வேண்டியது வங்கி என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. அதே நீதி கடனுக்கும் வர வேண்டும். கியூஆரை ஸ்கேன் செய்யாமல், ஆளைப் பார்க்காமல் வெறும் நகலை நம்பிக் கடன் கொடுத்தவரே நட்டத்தை ஏற்கட்டும். பெயர் களவுபோனவரைத் துரத்த வேண்டாம். நட்டம் தன் தலையில் விடியும் என்று தெரிந்தால் எந்தக் கவுண்டரும் நகல் கேட்பதை யோசித்துத்தான் செய்யும்.

அதுவரைக்கும் நம் தாளை நாம்தான் காக்க வேண்டும். அன்று பெட்டிக்குள் போன கறுப்புத் தாளைத் தம்பியிடம் கேட்டு வாங்கிப் பாட்டி கையில் கொடுத்தேன். “இது எதுக்குய்யா, மூஞ்சியே தெளியலையே” என்றார். முகம் தெளியவில்லைதான். எண் பளிச்சென்று இருந்தது.