கடைசி ஓவருக்கு மட்டும் வருகிறவர்கள்

உடப்புத் தீமிதிப்புக்கு இறுதி நாள் மட்டும் வேன் பிடித்து வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஐந்து நாள் டெஸ்ட்டில் கடைசி ஓவருக்கு மைதானத்துக்குள் நுழைகிற சங்கதி அது.

இலங்கையின் சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் இந்த மீனவ ஊரில் ஆடி மாதத் திரௌபதை அம்மன் திருவிழா 18 நாள். குருசேத்திரப் போரும் 18 நாள். சுமார் 1400-இல் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் 4,300-க்கு மேற்பட்ட பாடல்களைச் போர் முடியும் சௌப்திக பருவத்தோடு முடித்துக்கொண்டார். சாந்தி பருவத்தின் நீண்ட உபதேசங்கள் பக்கம் அவர் போகவேயில்லை. எங்கே திரையை இறக்குவதென்று தெரிந்த மனிதர்!

வட தமிழகத்தில் இதே கதைக்குப் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசில் வேடதாரி உயர்ந்த மரத்தில் ஏறிப் பழம் வீச, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அங்கேயும் சரி, உடப்பிலும் சரி, தீக்குழி என்று வந்துவிட்டால் கதை ஊரார் கைக்குப் போய்விடுகிறது. காப்புக் கட்டி விரதமிருந்தவர்களே இறங்க வேண்டும், பதிலாள் கிடையாது.

இனி ஆட்ட நுணுக்கம். கனிந்த கரி சூட்டை மெல்லத்தான் கடத்தும். பாதம் படும் நேரமும் சொற்பம். ஓடினால் கால் தணலில் புதையும், தயங்கினால் சுடும். வேண்டியது ஒரே சீரான எட்டு. பக்தர்கள் அம்மன் அருள் என்பார்கள். நான் நடையை மட்டும் பேசுகிறேன். அந்த நடை கரைவலையில் பழகியது என்பது என் கணிப்பு. கரையில் நின்று இழுக்கும் அந்த வலையின் இரு கயிற்றிலும் இரண்டு அணி. ஒருவர் அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாட, மற்றவர்கள் ஏற்றுப் பாடி இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பும். தென்மேற்குக் காற்றில் கடல் குமுறும் ஆடியில், மணலில் ஊன்றிப் பழகிய அதே கால்கள் தணலுக்கு வருகின்றன.

குறை ஒன்று உண்டு. குழியோரம் உயரும் கைபேசிகளால் பின்வரிசைச் சிறுவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. உயர்த்துகிறவர்கள், பெரும்பாலும், அந்த வேன்காரர்கள்தான்.