வெள்ளிக் கோப்பைகளும் பாம்படமும்

தவக்காலம் பிறந்து, ஊர்களில் திருப்பாடுகளின் நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கிவிட்டால், யூதாஸ் வேடத்துக்கு மட்டும் எளிதில் ஆள் அகப்படுவதில்லை. வேடம் கட்டியவனை ஆண்டு முழுவதும் அந்தப் பெயராலேயே அழைப்பார்கள் என்ற அச்சம். யூதர் என்றால் யார் என்று நம்மில் பலரும் அறிந்துகொண்டது அந்த மேடையில்தான்: ஒட்டுத்தாடியும் நீண்ட அங்கியுமாக, "சிலுவையில் அறையும்" என்று கூவுகிற கூட்டம். பெத்லகேமில் பிறந்தவரும், அவரைப் பெற்றவரும், பன்னிருவரும் அதே இனத்தார் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்; ஆயினும் மேடையில் அவர்களுக்கு நாம் யூத உடை அணிவிப்பதில்லை.

இந்த நினைவோடுதான் அனிதா தேசாயின் 'பாம்கார்ட்னரின் பம்பாய்' என்னும் ஆங்கில நாவலை நாம் படித்து முடித்தோம். 1988இல் வெளிவந்தது. ஆசிரியையின் தாய் ஜெர்மானியர், தந்தை வங்காளி. தாய்மொழி என்ற சொல்லை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டால், ஜெர்மன் அவருக்கு அதுவே. நாவலில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாடும் பாட்டுகளை அவர் மொழிபெயர்க்காமல் ஜெர்மனிலேயே விட்டுவிடுகிறார். பொருள் புரியாமலே நாம் அவற்றைக் கடந்து போகிறோம். வேற்று நாட்டில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவனுக்குள் கிடந்த பேச்சு அக்கம்பக்கத்தாருக்கு எப்படிப்பட்டதாய் இருந்திருக்கும் என்பதை வாசகனும் சற்றே உணரட்டும் என்று எண்ணினார் போலும்.

கதை சுருக்கமானது. ஹ்யூகோ பாம்கார்ட்னர் பெர்லினில் மரச்சாமான் வணிகரின் ஒரே மகன். ஹிட்லரின் ஆட்சி வருகிறது. தந்தை டகாவ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்புகிறார். திரும்பியவர் வாழ விரும்பவில்லை. கடை, முன்பு தந்தையோடு வாணிகம் செய்துவந்த ஹாம்பர்க் மர வியாபாரி ஒருவரின் கைக்குப் போகிறது. இந்த மனிதர் கத்தி எடுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மரியாதையாகப் பேசுகிறார், வருந்துகிறார், இந்தியாவுக்குப் போகும்படி பையனுக்கு யோசனையும் சொல்கிறார். கடை மட்டும் அவருடையதாகிவிடுகிறது. நாவலில் வரும் துரோகங்களுள் நம்மை மிகவும் உறுத்தியது கடைசியில் நிகழும் கொலையன்று, இந்தப் பணிவான பரிமாற்றமே. கொலை செய்தவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிடலாம். இவரை என்னவென்று சொல்வது? நல்லவர், உதவினார் என்றுதானே அயலார் சொல்லியிருப்பார்கள்!

தாய் வர மறுத்துவிடுகிறாள். மகன் மட்டும் கல்கத்தா சேர்கிறான். 1939இல் போர் மூண்டதும் வெள்ளை அரசு அவனைப் பிடித்து அடைக்கிறது, யூதன் என்பதற்காக அன்று, ஜெர்மானியன் என்பதற்காக! இது கற்பனை அன்று. அகமத்நகரிலும் பின்னர் தேராதூனிலும் இருந்த முகாம்களில் நாஜிகளும், நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்களும் ஒரே முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். யூத அகதிகள் பலர் விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார்கள் என்பது வரலாறு. தேசாய் தம் நாயகனை ஆறு ஆண்டும் உள்ளேயே வைத்துவிடுகிறார். தாயிடமிருந்து அஞ்சல் அட்டைகள் வருகின்றன. நலமாக இருக்கிறேன், கவலைப்படாதே என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இராது. எண் முத்திரை குத்திய அந்த அட்டைகள் 1941 பிப்ரவரியோடு நின்றுபோகின்றன. ஏன் நின்றன என்பதை ஆசிரியை விளக்குவதில்லை, விளக்காதது நன்று.

விடுதலையான பின் அவனுக்குத் திரும்ப ஊர் இல்லை. கல்கத்தாவில் கலவரம் மூள்கிறது. அவனோடு தொழில் செய்த ஹபிபுல்லா தன் உயிருக்கே அஞ்சும் நிலையிலும், பம்பாயில் ஒரு வணிகரை அவனுக்குக் காட்டிவிட்டுப் போகிறார். அந்த வணிகர் சிமன்லால் அவனுக்கு நண்பராகிறார். குதிரைப் பந்தயத்தில் இருவருக்கும் ஆசை. வென்ற வெள்ளிக் கோப்பைகள் பாம்கார்ட்னரின் அலமாரியை அலங்கரிக்கின்றன. சிமன்லால் இறந்ததும், தந்தையின் வாய்ச்சொல் மகனைக் கட்டுப்படுத்தவில்லை. கிழவன் வெளியே தள்ளப்படுகிறான். பூனைகளும் கோப்பைகளும் எஞ்சுகின்றன. பூனைகளுக்காக உணவகங்களில் மிச்சம் வாங்கி வருகிறவன், போதைக்கு அடிமையான ஜெர்மானிய இளைஞன் ஒருவனை ஓர் உணவகத்தில் காண்கிறான். பொன்னிற முடியைக் கண்டதுமே அவனுக்குள் பழைய அச்சம் எழுகிறது. ஆயினும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறிடுகிறான். இரவில் அந்த இளைஞன் கோப்பைகளுக்காக அவனைக் குத்திக் கொல்கிறான்.

நாடு கடந்தவன் நாடு திரும்புவது பற்றிய கதைகள் பல உண்டு. இங்கே திரும்புதல் தலைகீழாக நிகழ்கிறது. அவன் ஜெர்மனிக்குப் போகவில்லை. ஜெர்மனி பசித்த வயிற்றோடு அவன் வாசலுக்கு வந்து, அவன் சோற்றைத் தின்றுவிட்டு, ஐம்பது ஆண்டுக்கு முன் விட்டுப்போன வேலையை முடித்துவிட்டுப் போகிறது. இந்த அமைப்பு மிகக் கச்சிதமாக இருப்பதே நாவலின் குறையும் என்பது நம் எண்ணம். வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காகக் கணக்குத் தீர்ப்பதில்லை. பாம்கார்ட்னர் எதையும் எதிர்க்காதவன், எதையும் கேட்காதவன். இருநூறு பக்கத்துக்கு மேல் உடன் நடந்தும் அவன் சினந்து ஒரு சொல் சொல்லக் கேட்கவில்லை. இந்திய மாந்தருள் ஹபிபுல்லாவும் சிமன்லாலும் தவிரப் பிறர் தெருவின் அழுக்காகவும் இரைச்சலாகவுமே வருகின்றனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்து, 2021இல் புதுச்சேரியில் மறைந்த கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. அதுவும் நாடு துறந்த ஒரு குடும்பத்தின் கதை. பேரழகியான சென்னாதேவியை ஓர் அரசன் விரும்பினான் என்பதற்காகத் தெலுங்கு நாட்டை இரவோடு இரவாக விட்டு ஓடிவந்த கம்மவார் குடி, காட்டை எரித்துக் கரிசல் மண்ணில் ஊர் அமைக்கிறது. அதைச் சொல்கிறவள் 137 வயதான மங்கத்தாயாரு அம்மாள். துரத்திவரும் குதிரைவீரர்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஆறு குறுக்கிட, கரைமரம் வளைந்து பாலமாகிறது. மோயீசனின் செங்கடல் நினைவுக்கு வராத கத்தோலிக்க வாசகர் இருக்க முடியாது. ஓடிவருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதையைத்தான் வெவ்வேறு மொழியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த நாவலிலும் ஒரு கொலை நிகழ்கிறது. குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு பெண்ணை, காதிலிருந்த பாம்படத்துக்காக ஒருவன் நீருக்குள் அமுக்குகிறான். அவள் சாகுமுன் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொள்கிறாள். பற்கள் பிடி விடவில்லை. அவனால் தப்ப முடியவில்லை. ஊர் கூடுகிறது, வழக்குக் கேட்கிறது, கழுவேற்றுகிறது. அந்தத் தண்டனையின் கொடுமையை நாம் ஏற்கவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒருத்தியின் சாவுக்கு ஓர் ஊரே பதில் கேட்டது என்பதை மறக்க இயலவில்லை. அகதிகளாக வந்தவர்களின் ஊர் அது. பம்பாயில் அத்தனை பெரிய நகரம் இருந்தும், கிழவனின் சாவுக்குப் பதில் கேட்க ஒரு பழைய தோழி மட்டுமே எஞ்சுகிறாள்.

கி.ரா.வையும் கேள்வி கேட்காமல் விடுவதற்கில்லை. துரத்தும் அரசன் துலுக்கன், ஓடுகிறவர்கள் நல்லவர்கள் என்ற பழங்கதைச் சட்டத்தை அவர் அப்படியே வைத்துக்கொள்கிறார். பாட்டியின் வாய்மொழி அதுதான் என்று சமாதானம் சொல்லலாம். நம் திருப்பாடுகளின் நாடகத்துக்கும் நாம் அதே சமாதானத்தைத்தானே சொல்லி வந்திருக்கிறோம்? எரித்த காட்டில் முன்பே எவரும் வாழவில்லையா என்பதும் இன்னொரு கேள்வி. அடைக்கலம் பெற்றவன் சொல்லும் கதையில், இடம் விட்டுக்கொடுத்தவனுக்குப் பேச்சு இருப்பதில்லை.

யூதருக்கு நேர்ந்தது ஐரோப்பாவின் பாவம், நமக்கு அதில் பங்கில்லை என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. கொச்சியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்பதை அவர்கள் காட்டுவார்கள். உண்மைதான், அதற்கு இடம் தந்தவர் கொச்சி அரசர். அதே 1568இல் கோவாவில் இறந்தார் கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர். நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563இல் நூல் அச்சிட்டவர். யூத மரபில் வந்து திருமுழுக்குப் பெற்றிருந்த குடும்பம். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி இரகசியமாக யூத நெறியைக் கைக்கொண்டார் என்று உயிரோடு எரிக்கப்பட்டார். 1580இல் மருத்துவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். எரித்தவர்கள் நம் திருச்சபையின் விசாரணை மன்றத்தார். அந்த மன்றம் கோவாவில் 1560 முதல், இடையில் சில ஆண்டு நீங்கலாக, 1812 வரை இருந்தது. ஹாம்பர்க் வியாபாரியைப் பழிக்குமுன் நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

திருச்சபை மெல்லத் திரும்பியது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த இழிசொல்லை 1959இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் நீக்கினார். ஆண்டவரின் சாவுக்கான பழியை யூத இனத்தார் அனைவர் மீதும் சுமத்தலாகாது என்று 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. 1986இல் இரண்டாம் யோவான் பவுல் உரோமையின் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்ட யூதப் பெண் எடித் ஸ்டைனை 1998இல் புனிதராக அறிவித்தார். அவர் கார்மேல் சபைக் கன்னியர். கொல்லப்பட்டதோ யூதராய்ப் பிறந்ததற்காக. அவருடைய திருநாள் ஆகஸ்ட் 9. ஆறே நாளில் விண்ணேற்புத் திருநாள். நம் கரிசல் ஊர்களெல்லாம் வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியை நோக்கித் திரண்டு, பரலோக மாதாவின் திருவிழாவுக்குப் போகும் நாள். நாம் அங்கே கைகூப்பி நிற்கும் அன்னையும் யூதப் பெண்ணே. 1942இல் ஐரோப்பாவில் இருந்திருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றியிருப்பார்கள் என்ற எண்ணம், அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது நமக்கு ஏன் வந்ததில்லை?

காட்டிக்கொடுக்க வந்தவனை ஆண்டவர் தோழனே என்று விளித்ததாக மத்தேயு எழுதுகிறார். அதை ஏளனமாக வாசிக்கும் உரையாசிரியர்களும் உண்டு. நாம் அப்படி வாசிக்கவில்லை. பாம்கார்ட்னர் அந்த இளைஞனுக்குச் சோறிட்டது அறியாமையால் அன்று என்பதே நம் வாசிப்பு. முடியின் நிறத்தைக் கண்டபோதே அவன் யாரென்று அறிந்தான். அறிந்தே கதவைத் திறந்தான். இதைக் கோழைத்தனம் என்று சில திறனாய்வாளர் கொள்ளக்கூடும், முன்பு நாமே அவனைச் சினமற்றவன் என்று குறை சொன்னோம். இரண்டாம் முறை படிக்கும்போது அந்தக் குறையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாவல் தொடங்குவதும் முடிவதும் லோட்டியிடம். கல்கத்தா நாட்களில் நடனக்காரியாக இருந்தவள். ஜெர்மன் பேச பம்பாயில் அவனுக்கு வாய்த்த ஒரே துணை. கொலை நடந்த வீட்டிலிருந்து வெள்ளி போய்விட்டது. அவள் எடுத்து வந்தது ஒரு கட்டு அஞ்சல் அட்டைகள். தன் அறையில் விளக்கின் கீழே அமர்ந்து, எவனோ ஒருவனின் தாய், நலமாக இருக்கிறேன் என்று எழுதியதை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள்.