வாயாடி என்னும் பட்டம்

பேச்சு மிகுந்தோரைக் குறிக்கும் பிரெஞ்சு மரபுத்தொடர்கள் சிலவற்றைத் தமிழ்ப்படுத்துமாறு, கண்டியில் நான் பயின்ற மாலை வகுப்பொன்றில் ஒருமுறை பணிக்கப்பட்டோம். வகுப்பிலிருந்த தமிழர் மூவரும் ஏறத்தாழ எல்லாத் தொடர்களுக்கும் எதிரே 'வாயாடி' என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தோம். அவ்விடை சரியென்று கொள்ளப்பட்டது. அது சரியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தொடர்களை நோக்குவோம். 'மூலேன் ஆ பரோல்' என்பது சொல் அரைக்கும் ஆலை. தானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல் சுழன்றுகொண்டே இருக்கும். நம் வழக்கில் தொணதொணப்பவனும், வெறும் வாயை மெல்பவனும் இதற்கு உறவினர். வள்ளுவரும் பயனில சொல்லாமை அதிகாரத்தில் இத்தகையோனைப் பதராகவே காண்கிறார். பிரெஞ்சுக்காரர் கண்ணுக்கு ஆலை தெரிய, அவர் கண்ணுக்கு உமி தெரிந்திருக்கிறது. வாய் ஓயாதவனைக் குறிக்கும் 'பவார்' என்ற சொல்லோ வாய்நீரைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. 'வழவழா கொழகொழா' என்று நாம் சொல்லும்போது மனத்தில் எழும் அருவருப்பு அங்கும் உண்டு. இடையே ஒரு பறவையும் வருகிறது. அப்பறவையின் பிரெஞ்சுப் பெயரை ஒலிபெயர்த்து எழுதத் தமிழ் நாகரிகம் இடங்கொடாது. வகுப்பில் நாங்கள் சிரித்த சிரிப்பின் காரணம் ஆசிரியருக்கு இறுதிவரை விளங்கவில்லை. ஒலித்தட்டு ஊசியால் தடுப்பூசி ஏற்றப்பட்டவன் என்றொரு தொடரும் உண்டு. 'காலைப் பிடித்து வைத்திருத்தல்' என்ற தொடர் பேசுபவனை விட்டுக் கேட்பவனின் துன்பத்தைச் சொல்வது. தமிழ்நாட்டு மாணவர் 'அறுவை' என்பதும் இதனையே.

இவை ஒருபுறமிருக்க, வேறு இரு தொடர்கள் தனித்து நோக்கத்தக்கன. ஒன்று, 'நாக்கு நன்றாகத் தொங்கவிடப்பட்டவர்'. மற்றது, 'நாக்கைச் சட்டைப்பையில் வைத்திராதவர்'. இவை வெற்றுப் பேச்சைக் குறிப்பனவல்ல. கேட்ட மாத்திரத்தில் விடை சொல்பவரை, மனத்தில் பட்டதை அஞ்சாது உரைப்பவரைக் குறிப்பன. இவற்றில் கண்டனம் உண்டு. கண்டனத்தினூடே ஒரு மெச்சுதலும் உண்டு. ஆலையையும் இந்த நாக்கையும் ஒரே சொல்லில் அடக்கியதே எங்கள் பிழை. அப்பிழை ஏன் நேர்ந்தது?

நான் பிறந்தது புசல்லாவை. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர் வந்து றொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்த மலைப்பகுதி அது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. லயமும் பிரட்டுக்களமும் நிலைத்தன. என் அப்பாயி கொழுந்தெடுத்த தோட்டத்தில் அவருக்கு 'வாயாடி' என்ற பட்டம் இருந்தது. அப்பட்டம் பீலிக்கரையில் வம்பளந்ததற்காக வந்ததன்று. கொழுந்து மடுவத்தில், கூடையின் பாரத்துக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் நிறையில் கழித்தபோது, "எத்தனை கழிச்சீங்க, ஏன் கழிச்சீங்க?" என்று கேட்டதற்காக வந்தது. அதே கேள்வியை ஆடவர் ஒருவர் கேட்டபோது அவரைத் 'தலைவர்' என்றார்கள். சொல்வன்மை உடைய ஆணுக்கு நாவலன், பேச்சாளன் என்று தமிழில் பெயர்கள் நிறைய உண்டு. பெண்ணுக்கு எஞ்சியது வாயாடி. ஆகவே அச்சொல் பேச்சின் அளவைக் குறிப்பதில்லை, பேசுபவரின் இடத்தைக் குறிக்கிறது. ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் கங்காணியை ஏசும் குரல்கள் ஒலிப்பதும் இவ்விடத்து மனங்கொளத்தக்கது. வாயாடி என்று பழிக்கப்படும் பேச்சு, பாட்டாகும்போது மட்டும் தப்பிவிடுகிறது போலும்.

பிரெஞ்சிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 'பிப்லெத்' என்பது ஓயாது பேசும் பெண்ணைச் சுட்டும் சொல். 1842–43இல் தொடராக வெளிவந்த இயூஜேன் சூவின் 'பாரிஸின் மர்மங்கள்' நாவலில் வரும் வாயிற்காவல் தம்பதியரின் குடும்பப் பெயரடியாக அது தோன்றியது. முதலில் வாயிற்காவலருக்குப் பெயராகி, பின்னர் பெண்ணின் வாய்க்குப் பெயராயிற்று. கூலிக்குக் கதவு காப்பவரின் பெயரே பழிச்சொல்லானது தற்செயல் என்று நான் கருதவில்லை.

இன்னுமொன்று. விளங்காத பேச்சைப் பிரெஞ்சுக்காரர் 'பரகுவேன்' என்பர். பிரெத்தோன் மொழியில் ரொட்டிக்கும் வைனுக்கும் உரிய சொற்கள் சேர்ந்து இது பிறந்தது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். உண்ணவும் குடிக்கவும் கேட்ட ஏழையின் சொற்கள், மொழி அறியாதவன் காதில் வெறும் இரைச்சலாயின. இதைப் படித்தபோது எனக்குப் பேராதனை வளாகத்துப் பறவையொன்று நினைவில் வந்தது. கூட்டமாகத் திரிந்து ஓயாது கலகலக்கும் தவிட்டுக்குருவிக்குச் சிங்களத்தில் 'தெமழிச்சா' என்று பெயர். 'தெமழ' என்பது தமிழரைக் குறிக்கும் சொல். சிங்கள நண்பர் ஒருவர் சற்றே கூச்சத்துடன் இதனை எனக்குச் சொன்னார். அவர் கூசியதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. ஆயினும் நாம் உடனே முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. மலையகத்தாரின் பேச்சைக் கேட்டதும் 'தோட்டக்காட்டுத் தமிழ்' என்று நகைப்போர் நம்முள்ளும் உளர். என் விடுதி அறையிலேயே இருந்தனர். மடுவம், பிரட்டு, கொந்தரப்பு என்ற சொற்களைக் கேட்டுச் சிரித்த அவர்கள், தேநீரை மட்டும் சிரிக்காமல் குடித்தார்கள்.

பிறமொழித் தொடரைக் கற்பிப்போர் 'இதற்கு இது' என்று எதிரெதிரே எழுதித்தருவது தேர்வுக்கு வசதி. ஆனால் ஒரு மரபுத்தொடர் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் புறப்படுகிறது என்பதை அந்தப் பட்டியல் மறைத்துவிடுகிறது. துரை சொன்ன 'வாயாடி' வேறு. அதே சொல்லை லயத்துப் பெண்கள் அப்பாயிக்கு இட்டபோது அதில் ஒலித்த பெருமிதம் வேறு. தங்களுக்காகவும் கேட்க ஒருவர் உண்டு என்ற பொருளில் அவர்கள் அதனைச் சொன்னார்கள்.

அடுத்த வகுப்பில் என் விடைகளைத் திருத்திக் கொடுத்தேன். ஆலைக்குத் தொணதொணப்பு, வாய்நீருக்கு வழவழா கொழகொழா, காலைப் பிடிப்பதற்கு அறுவை. 'வாயாடி'யை நாக்கைச் சட்டைப்பையில் வைத்திராதவருக்கு மட்டும் ஒதுக்கினேன். கொழுந்துக் கூடை சுமப்பவருக்குச் சட்டைப்பை ஏது என்று அருகிலிருந்த தோழி கேட்டாள். அக்கேள்வியையும் விடைத்தாளின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.