எந்த வெள்ளிமலை?

போன வருஷம் நாகர்கோவில் நண்பன் ஒருத்தனுக்கு, “லீவுக்கு வா, வெள்ளிமலைக்குப் போகலாம்” என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “வெள்ளிமலையா? அது எங்க ஊருல்லா மக்கா, நீ எப்ப வந்த?” அவன் சொன்னது கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலை. நான் சொன்னது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக பஸ் ஏறிப் போகும் கல்வராயன் மலை வெள்ளிமலை. வருசநாட்டுப் பக்கம் இன்னொன்று இருக்கிறது. தேடினால் இன்னும் கிடைக்கும்.

சாதாரண விஷயம்தான். ஆனால் அன்றைக்கு அது என்னை உறுத்தியதற்குக் காரணம், அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம். ஆர். பாலகிருஷ்ணனின் ‘சிந்துவெளிப் பண்பாட்டின் திராவிட அடித்தளம்’. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர்நாடி. என் வாட்ஸப்பில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்து நின்று, ஒரு அர்த்தமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

தமிழில் ஊர்ப்பெயர் பற்றி எழுதுகிற யாரும் ரா.பி. சேதுப்பிள்ளையைத் தாண்டி வரமுடியாது. ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் அதிலிருந்து ஒரு துண்டாவது படிக்காதவர்கள் நம்மில் குறைவு. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் பிரியம் உண்டு, அதைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன். சேதுப்பிள்ளைக்குக் காது மிக நல்ல காது. குறிச்சி என்று கேட்டதும் குறிஞ்சி, பட்டி என்றதும் முல்லை, துறை என்றதும் நீர். ஒவ்வொரு பெயரும் வாய்க்குள் கரையும் மிட்டாய் மாதிரி ஒரு பொருளைத் தந்துவிட்டுப் போகும். அதே பெயர் அடுத்த வட்டத்திலும் இருந்தால்? அதுவும் அதே மிட்டாய். நம்பியகப்பொருள் சிறுகுடியையும் குறிச்சியையும் குறிஞ்சி நிலத்து ஊர் என்கிறது, சரி. கள்ளக்குறிச்சி மலையடிவாரத்திலிருந்து தள்ளி, சமவெளியில், கரும்பும் நெல்லும் விளைகிற இடத்தில் கிடக்கிறது. குறிச்சி என்று ஊருக்குப் பேர் வைத்தவர் நிலத்தைப் பார்த்து வைத்தாரா, தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து ஒட்டினாரா? சேதுப்பிள்ளை வழியில் போனால் இந்தக் கேள்வியே எழாது.

(கள்ளக்குறிச்சி என்ற பேரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனுக்குப் பிறகு ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிராளி அடுத்த சொல்லை அவரே போட்டுக்கொள்கிறார். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன மாதம் அது. ‘கள்ள’ என்ற எதுகை கைக்கு வாகாகக் கிடைத்ததில் தலைப்பு எழுதியவர்களுக்குக் கொண்டாட்டம். ஊர்க்காரர்கள் ‘கல்லை’ என்று சுருக்கிக்கொள்வது வெறும் தமிழ்ப்பற்று அல்ல.)

பாலகிருஷ்ணன் வேறு வகை. ஒடிஷாவில் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்து, கிராமப் பெயர்ப் பட்டியல்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர். அவர் கேள்வி, பெயருக்கு என்ன பொருள் என்பதல்ல, பெயர் எங்கிருந்து வந்தது என்பது. மக்கள் இடம்பெயரும்போது ஊர்ப் பேரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே கொற்கை, வஞ்சி, தொண்டி போன்ற பெயர்கள் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் அப்படியே இருப்பது பழைய தமிழரின் வழித்தடத்துக்குச் சாட்சி. 2010 கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் இது பெரிய பேச்சாக இருந்தது. ஒற்றைப் பெயரை வைத்து அவர் பேசவில்லை, பெயர்களின் கூட்டத்தை, ‘வளாக’த்தை வைத்துப் பேசுகிறார் என்பதை அவரைக் கிண்டல் செய்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய இன்னொரு கருத்து எனக்கு இன்னும் பிடிக்கும். தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. உயரமும் திசையும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. அதைச் சிந்துவெளி நகரங்களின் மேற்கு மேடு, கிழக்குத் தாழ்வோடு அவர் சேர்த்துப் பார்க்கிறார். சிந்துவெளியை விடுங்கள், கள்ளக்குறிச்சியில் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும். மலை மேற்கே. “மேல போறேன்” என்றால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆத்தூர்க்காரருக்குக் கல்வராயன் வடக்கே இருக்கிறது. அங்கே மேல் வெறும் மேல்தான்.

சரி, மக்கள் போனால் பெயரும் போகும் என்ற விதியைச் சிந்துவெளியில் பரிசோதிக்க நம்மிடம் ஆட்கள் இல்லை. கல்வராயனில் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடிகளின் வாய்மொழிக் கதையில் அவர்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலை ஏறினார்கள், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் என்று. அப்படியானால் மலையைச் சுற்றிக் காஞ்சியின் பேர் இருக்கவேண்டுமே என்று தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு அடிவாரத்திலேயே பரிசு காத்திருக்கிறது: கச்சிராயபாளையம். கச்சி என்றால் காஞ்சி. முடிந்தது கதை. மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம்.

ஆனால் கச்சிராயர் என்பது இந்த வட்டாரத்துப் பாளையக்காரர்களின் பட்டம். விருத்தாசலம் பக்கத்து முகாசாபரூர்க் கச்சிராயர்களைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கச்சிராயரின் பாளையம் கச்சிராயபாளையம், அவ்வளவுதான். அந்தப் பட்டத்துக்குள் காஞ்சி இருக்கலாம், மலை ஏறிய அண்ணன் தம்பிகள் இல்லை. ஒரு கதையும் ஒரு பேரும் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போதுதான் அதிகம் சந்தேகப்படவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்காசியை எடுத்துக்கொள்ளுங்கள். காசிக்காரர்கள் வந்து குடியேறிய ஊரா அது? பதினைந்தாம் நூற்றாண்டில் பாண்டியன் ஒருவன் கோயில் கட்டி, காசியின் பேரை வரவழைத்தான். வந்தது பேர் மட்டும். வெள்ளிமலையும் அப்படித்தான். சைவருக்கு வெள்ளிமலை கயிலாயம். சீவக சிந்தாமணி படித்தவருக்கு அது வித்தியாதரர் வாழும் மலை, காந்தருவதத்தையின் அப்பா கலுழவேகன் ஆளும் இடம். கோயில் உள்ள எந்தக் குன்றுக்கும், மேகம் வெளுத்து இறங்குகிற எந்த மேட்டுக்கும் வைக்கத் தயாராக அந்தப் பேர் மொழிக்குள் கிடந்திருக்கிறது. நாகர்கோவிலுக்கும் கல்வராயனுக்கும் நடுவில் யாரும் நடக்கத் தேவையில்லை.

சின்னசேலம் இன்னொரு வகை. பெரிய சேலத்தை அறிந்தவர் வாயில் மட்டுமே அந்தச் ‘சின்ன’ நிற்கும். மலையிலும் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி உண்டு. ஆனால் அங்கே சின்னதும் பெரியதும் உயரக் கணக்கு: ஒன்று சுமார் 2,700 அடி, மற்றது 4,000. பெரிய கல்வராயனுக்குள் மறுபடி மேல்நாடு, கீழ்நாடு. சின்னதற்குள் வடக்குநாடு, தெற்குநாடு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ‘சின்ன’வுக்கே இரண்டு காரணம் என்றால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இரண்டு வஞ்சிக்கு ஒரே காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பாலகிருஷ்ணனின் முறையில் எனக்குள்ள மனக்குறை இதுதான். பொருந்துகிற பெயர்களைக் காட்டுகிறார். சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் ஊர்ப் பட்டியலோடு அதே தமிழ்ப் பெயர்களை ஒப்பிட்டால் எத்தனை தற்செயலாகப் பொருந்தும் என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்திருந்தால் நான் எப்போதோ அவர் கட்சிக்கு வந்திருப்பேன்.

சம்பந்தமே இல்லாத நாடு என்று சொன்னேன். காஃப்காவின் ‘கோட்டை’ படித்தபிறகு, நாவல் நடக்கும் கிராமம் எங்கே இருக்கும் என்று செக் நாட்டு வரைபடத்தில் துழாவும் பைத்தியம் எனக்கும் வந்தது. நாவலில் அந்தக் கிராமத்துக்குப் பேரே கிடையாது. வந்து சேர்கிறவனோ நில அளவையாளன்! வரைபடத்தில் வேறு வேடிக்கை. நோவா வெஸ் என்ற பேரில் ஊருக்கு மேல் ஊர். நேர்ப்பொருள் புதூர்தான். கொஸ்டெலெட்ஸ் பல. ஆகவே ஒர்லிட்சே ஆற்றுக் கொஸ்டெலெட்ஸ், கருங்காட்டுக் கொஸ்டெலெட்ஸ் என்று அடைமொழி போட்டுப் பிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் மிஞ்சுவது ல்ஹோட்டா. நூற்றுக்கணக்கில் இருக்கிறது. இத்தனை ல்ஹோட்டாவுக்கும் ஒரு மூல ல்ஹோட்டா இருந்து, அங்கிருந்து மக்கள் பரவினார்களா என்றால், இல்லை. ல்ஹூட்டா என்றால் தவணை, கெடு. இடைக்காலத்தில் காட்டை வெட்டித் திருத்திக் குடியேறினால் இத்தனை வருஷத்துக்கு வரி இல்லை என்று நிலப்பிரபுக்கள் கெடு கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் உருவான கிராமமெல்லாம் ல்ஹோட்டா. அந்த மக்களைச் சேர்ப்பது ரத்தம் இல்லை, ஒரே மாதிரியான ஒரு ஏற்பாடு.

இதைப் படித்ததும் நம் ஊர்ப் பெயர்கள் எனக்கு வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தன. மங்கலம் என்று முடியும் ஊர்களில் பல, அரசன் பிராமணருக்குத் தானம் கொடுத்த ஏற்பாடு. பாளையம் என்பது படையும் வரியும் சேர்ந்த ஏற்பாடு. புதூர் என்றால் பழசு எங்கேயோ போதவில்லை என்று அர்த்தம். “எந்தப் புதூருங்க?” என்று கண்டக்டர் கேட்கும்போது அவர் கேட்பது, எந்தப் பழைய ஊரிலிருந்து பிரிந்த புதூர் என்பதைத்தான். கல்வராயனில் பாளையம் இல்லாமல் நாடு இருக்கிறது. அதன்மேல் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று ஆள் பேரிலேயே மூன்று ஜாகிர்கள் 1976 வரை இருந்தன. ஊர்ப்பெயரை வைத்துத் தமிழர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கும் கட்டுரை மாதம் ஒன்று வருகிறது. இந்தப் பேருக்குக் கீழே யார் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்று கேட்பது குறைவு. முதல் கேள்வியில் பெருமை இருக்கிறது. இரண்டாவதில் குத்தகை, வரி, ஓசி வேலை எல்லாம் வெளியே வரும்.

ஒரே பெயரால் நிஜமாக ஏதாவது ஆகிறதா, இல்லை இது புத்தகப் புழுக்களின் சண்டையா என்று கேட்கலாம். என் கல்லூரி நண்பன் ஒருவன் மலைக்காரன். கோவையில் மேல்படிப்புக்குச் சேர்ந்தபோது விடுதிப் பொறுப்பாளர் சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்று பார்த்துவிட்டு, “நாட்டுல எங்கப்பா, பாலக்காடா?” என்று கேட்டிருக்கிறார். ஓணத்துக்கு முதல் அழைப்பு அவனுக்குத்தான். அடை பிரதமன் நன்றாக இருந்தது என்றான். மலையை ஆள்பவன் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ். இதோடு, பேருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டம் வேறு. கொங்கிலும் கவுண்டர், எங்கள் பக்கத்து வன்னியரிலும் கவுண்டர், மலையிலும் கவுண்டர். “நீ எந்தக் கவுண்டர்?” என்று கேட்பவரிடம் மலை என்று சொன்னால், சிலருக்கு முகம் மாறும். அதையும் அவன் சொல்லியிருக்கிறான், சிரிக்காமல்.

இதில் சிரிப்பு வராத பகுதி அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தனியாக இல்லை, அடைப்புக்குறியோடு இருக்கிறது: தர்மபுரி, வடாற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ள மலையாளி. கொஸ்டெலெட்ஸுக்கு ஆற்றைச் சேர்த்த மாதிரி. ஆனால் அங்கே அடைமொழி தபால்காரருக்கு உதவி. இங்கே அடைமொழிக்கு வெளியே நிற்பவருக்கு எதுவும் இல்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருப்பவர்களும் தங்களை மலையாளி என்றுதான் சொல்கிறார்கள். அந்த மலை பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, அடைப்புக்குறிக்குள் கோயம்புத்தூர் இல்லை. அதனால் அவர்கள் பட்டியலிலும் இல்லை. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அவர்களும் ஒரே பேர் என்று அவர்கள் சொல்லும்போது, அது வெறும் பெயர் ஒற்றுமை என்று நான் இவ்வளவு நேரம் பேசிய தர்க்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேர் ஒற்றுமையோடு கதையும் வழக்கமும் கொள்வினை கொடுப்பினையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று போய்ப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பாலகிருஷ்ணனிடம் நான் கேட்ட அதே பக்கத்துக் கணக்கு.

தென்னாற்காடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்கு விழுப்புரம் வந்தது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி வந்தது. பட்டியலில் இன்னும் தென்னாற்காடுதான். தங்கச்சிக்குச் சான்றிதழ் வாங்க அலைந்துகொண்டிருந்த நண்பனிடம் இதைச் சொன்னேன். “எங்க மாவட்டம் இன்னைக்கும் தென்னாற்காடுதான்டா” என்றான். “நீங்கதான் ரெண்டு தடவ பேர மாத்திக்கிட்டீங்க.”