மேஜைமேல் இல்லாத காகிதங்கள்

ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகிய சரித்திரத்தின் சாரம் முழுவதும், 2017 ஜூலை 17 அன்று பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்ட ஒரே புகைப்படத்தில் அடங்கிவிட்டதென்று பத்திரிகையாளர் பலர் இன்றும் வாதிக்கிறார்கள். மேஜையின் ஒரு புறத்தில் ஐரோப்பிய யூனியன் சார்பில் விலகல் பேச்சுவார்த்தை நடத்திய மிஷேல் பார்னியேயும் அவருடைய சகாக்களும் தடித்த காகிதக் கட்டுகளை முன்வைத்து வீற்றிருக்க, எதிர்ப்புறத்தில் விலகல் விவகார மந்திரி டேவிட் டேவிஸ், தம் உத்தியோகஸ்தர் இருவருக்கு நடுவில், முன்னால் ஒரு தாளும் இன்றிப் புன்னகையோடு அமர்ந்திருந்த அந்தக் காட்சி உலகமெங்கும் பிரசுரமாயிற்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவர்களுடைய வாதம்.

மந்திரியின் ஆயத்தம் போதாது என்ற அவர்களுடைய சந்தேகம் ஆதாரமற்றதன்று; துறைவாரியான பாதிப்பு மதிப்பீடுகள் தயாரிக்கப்படவில்லை என்பதை அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று பார்லிமெண்டுக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த உண்மையை வெளிக்கொணர்ந்தவை குழுவினர் விடாமல் தொடுத்த கேள்விகள், புகைப்படம் அன்று. காகிதங்களை வெளியே எடுக்குமுன் பிடித்த படம் அது என்று பிரிட்டிஷ் தரப்பு சொன்ன சமாதானத்தையோ, எடுத்துப் பரிசீலித்தவர்கள் வெகு சிலரே.

என் நெடுநாளைய ஆட்சேபம் இதனினும் ஆழமானது. பேச்சுவார்த்தையின் கதியை நிர்ணயித்த சம்பவம், அந்தப் படத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே, ஜூன் 19 அன்று, அதே நகரத்தில் நிகழ்ந்து முடிந்திருந்தது. எந்த விஷயத்தை முதலில் பேசுவது என்பதே அந்தக் கோடையின் பெருஞ்சச்சரவாக இருக்கும் என்று மே மாதத்தில் தொலைக்காட்சியில் முழங்கியிருந்த டேவிஸ், முதல் நாளிலேயே எதிர்த்தரப்பின் வரிசையை ஏற்றுக்கொண்டார். அன்று வெளியான நடைமுறை விதிகள் சில பக்கங்களே கொண்டவை: குடிமக்களின் உரிமைக்கு ஒரு குழு, பணக் கணக்குக்கு ஒரு குழு, பிரிவினை சார்ந்த ஏனைய விஷயங்களுக்கு ஒரு குழு, அயர்லாந்து மட்டும் இரு தரப்பு ஒருங்கிணைப்பாளர்களின் நேரடிப் பொறுப்பு. இவற்றில் போதிய முன்னேற்றம் கண்ட பிறகே வர்த்தகத்தைப் பற்றிய பேச்சு என்ற ஐரோப்பியத் தரப்பின் நிபந்தனையோ ஏப்ரல் 29இன் வழிகாட்டு நெறிகளிலேயே பகிரங்கமாக அச்சாகியிருந்தது. எவரும் படித்திருக்கக்கூடிய அந்தப் பத்திரங்களைப் புரட்டி, அயர்லாந்து எல்லை ஏன் வர்த்தகத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டது, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வெல்லையில் சோதனைச் சாவடி எழுப்பாமல் சுங்கம் வசூலிப்பது எவ்விதம் என்று வாசகனுக்கு விளங்கச் சொல்லும் கடமையைக் கைவிட்டு, ஒரு மனிதரின் முகபாவத்தையும் அவர் பிரஸ்ஸல்ஸில் தங்கிய நேரத்தையும் அளந்துகொண்டிருந்த பத்திரிகைத்தொழிலை நான் எவ்வாறு போற்றுவேன்?

மந்திரியையே கண் இமைக்காமல் பார்த்திருந்தவர்கள், அதிகாரம் அவர் கையை விட்டு நகர்ந்ததையும் உரிய அழுத்தத்தோடு சொல்லவில்லை. அவருடைய இலாகாவின் தலைமை உத்தியோகஸ்தரான ஒல்லி ராபின்ஸ் செப்டம்பரிலேயே பிரதமர் தெரசா மேயின் நேரடி ஆலோசகராக மாற்றப்பட்டார்; அதன் பின்னும் செய்திகளில் பிரிட்டனின் பிரதிநிதியாக டேவிஸின் முகமே விளங்கிற்று. 2018 ஜூலை 8 அன்று அவர் ராஜிநாமாச் செய்தபோதும், அவருக்கும் பிரதமருக்கும் இடையிலான மனஸ்தாபமே முன்னணிக்கு வந்தது. 2019 ஜனவரி 15 அன்று விலகல் உடன்படிக்கையைக் காமன்ஸ் சபை 230 வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்ததற்கு முக்கிய காரணமாய் நின்றது, முதல் நாளிலேயே முன்வரிசையில் வைக்கப்பட்ட அந்த அயர்லாந்து எல்லைதான். அதன் விவரத்தை அடியிலிருந்து கேட்டறியவேண்டிய நிலையில் அப்போதும் வாசகர்கள் இருந்தார்கள்.